ஒரு வேளைச் சுரைக்காய்

23 ஜூன் 2024, ஞாயிறு

பக்ரீத் கறி வாசம் இன்னும் ஃப்ரிட்ஜை விட்டுப் போகவில்லை. காலையில் மாடியில் உட்கார்ந்து சுரை விதைகளைப் பொட்டலம் போட்டேன். பன்னிரண்டு பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஆறு விதை, கையால் எழுதிய ஒரு சீட்டு. ‘சுரைப்பூ சாயங்காலம்தான் மலரும். விதைக்கு விடுவதென்றால் மதியமே பெண் மொக்கைக் கட்டிவிடுங்கள். சாயங்காலம் பிரித்து, அதே கொடியின் ஆண் பூவைத் தடவி, மறுபடி கட்டுங்கள். இல்லாவிட்டால் பூச்சி வேறெங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவரும்.’

நெட்டைச் சுரையையும் குண்டுச் சுரையையும் கலந்து, ஒவ்வொரு வருடமும் சின்னக் காய்க் கொடியை மட்டும் நிறுத்தி, நான்கு வருடம். இப்போது ஒரு காய் ஒரு ஆளுக்கு ஒரு வேளை. “நம்ம வீட்ல அஞ்சு பேரு. பெரிய காய்தானே வசதி?” என்றாள் அண்ணன் மனைவி அஃப்ரோஸ் பாபி. சிரித்து மழுப்பிவிட்டேன்.

பத்து பொட்டலம் ஷூ கம்பெனித் தோழிகளுக்கு. ஒன்று பக்கத்து வீட்டுக்கு. இன்னொன்று ஆற்காடு பக்கம் திமிரிக்குத் தபாலில். மாடித்தோட்டக் குழுவில் தன்சீல் அகமது என்று ஒருவர் கேட்டிருந்தார்: ‘ஒரு ஆளுக்குச் சமைக்கிறவன். எனக்கும் வேண்டும்.’

7 ஜூலை

நானும் விதைத்துவிட்டேன். நான்கு பைகள். மழை வரும் போலிருக்கிறது.

20 ஆகஸ்ட்

முதல் பெண் பூ. வெள்ளை வெளேரென்று. ஆறரைக்கு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஓடினேன்.

11 செப்டம்பர்



முதல் காயைப் பறித்து, வழக்கம்போல ஒரு துண்டு நறுக்கி நாக்கு நுனியில் வைத்தேன். கசப்பு. சாதாரணக் கசப்பில்லை, தொண்டை வரை இறங்குகிற கசப்பு. துப்பி, வாய் கொப்பளித்து, மறுபடி துப்பினேன். கசப்புச் சுரைக்காய் விஷம். ஆளையே சாய்த்துவிடும்.

எப்படி? எப்படி வந்தது?

தெரியும். யோசித்தால் தெரியும். போன அக்டோபரில் ஷிப்மென்ட் வாரம். மூன்று நாள் ஓவர்டைம், வீட்டுக்கு வர ஒன்பதாகிவிட்டது. அந்த வாரம் பூத்த ஒரு பூவை நான் கட்டவில்லை. ரயில்வே லைன் ஓரம் கசப்பான பேய்ச்சுரை படர்ந்து கிடக்கிறது, அதன் மகரந்தம் ஏறியிருக்கும். அந்தக் காய் நன்றாகத்தான் இருந்தது. ருசி கெடுவது அதன் விதையிலிருந்து வரும் கொடியில்தானே. தெரிந்தும், அழகான காயாச்சே என்று அதன் விதையையும் மற்றதோடு கொட்டிக் கலந்தேன். நான்தான். பதினாறு வருஷமா செக்கிங்ல நிக்கிறவ, ஒரு தையல் பிசகினாலும் ஷூவைத் தூக்கி ரிஜெக்ட்ல போடுறவ.

பாபியிடம் சொன்னேன். “யாருக்கும் போன் பண்ணாதே. கசந்தா அவங்களே தூக்கிப் போடுவாங்க. நீயா போய் மாட்டிக்குவியா?” என்றாள்.

12 செப்டம்பர்

கம்பெனியில் பத்து பேரையும் தேடிப் போய்ச் சொன்னேன். கட்டிங்கில் இருக்கும் தமிழினி, “அய்யோ அக்கா, எங்க வீட்ல ஆடு எப்பவோ தின்னுட்டுது” என்று சிரித்தாள். சங்கீதா நேற்றுதான் ஒன்று பறித்து வைத்திருக்கிறாளாம். வீட்டுக்கு உடனே போன் போட வைத்தேன். பக்கத்து வீட்டில் இன்னும் காய் பிடிக்கவில்லை.

திமிரி தன்சீல் மட்டும் போனை எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தேன்.

13 செப்டம்பர்

எடுக்கவில்லை. மெசேஜையும் பார்க்கவில்லை.

14 செப்டம்பர்

மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் எடுத்தார். தன்சீலின் அக்காவாம், முனவ்வர் பேகம். “தம்பி ஆற்காட்டுல ஆஸ்பத்திரில இருக்கான்மா. மூணு நாளா. நிக்காம வாந்தி, ரத்தமா கூட வந்துச்சு. சுரைக்காய்தான்னு டாக்டர் சொல்றாரு. நீ யாரு?”

போனை வைத்துவிட்டேன். அப்புறம் கழிவறையில் நின்று அழுதுவிட்டு, மறுபடி போன் செய்து நான் யாரென்று சொன்னேன்.

 “பொழைச்சிக்கிட்டான். அல்லா காப்பாத்தினான்” என்றார்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஆற்காடு ஆஸ்பத்திரிக்கு பாபியும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் புர்காவை மாட்டினாள்.

தன்சீலுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதிருக்கும். ஒல்லி. கையில் டிரிப்ஸ். கட்டில் ஓரத்தில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன். “நான்தான் ஹஃப்ஸா. விதை குடுத்தவ. என் கவனக்குறைவு. மாப் பண்ணுங்க, மன்னிச்சிடுங்க.”

அவர் என்னைப் பார்த்து, “கசந்துதா அது?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“எனக்குத் தெரியலைங்க. கொரோனாவுல நாக்கு போய்ட்டுது. உப்பு, காரம் எதுவும் தெரியாது. கூட்டு வெச்சி முழுசா சாப்ட்டேன். நல்லா வந்திருக்குன்னு வேற நெனச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“இன்னாடா சிரிப்பு உனக்கு? உசுரு போய்ட்டு வந்திருக்கு” என்று அக்கா திட்டினார்.

அதே கொரோனாவில்தான் அவர் மனைவியும் போனாராம். வெளியே வராந்தாவில் அக்கா சொன்னார். தன்சீல் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடை வைத்திருக்கிறாராம். பிள்ளைகள் இல்லை.

கிளம்பும்போது தன்சீல், “நீங்க வந்து சொல்லணும்னு அவசியமே இல்ல. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். பாபி தலை குனிந்துகொண்டாள்.

16 செப்டம்பர்

நான்கு கொடிகளையும் பிடுங்கிவிட்டேன். டப்பாவில் மிச்சமிருந்த விதையை அடுப்பில் போட்டேன். எது நல்லது, எது கெட்டது என்று பார்த்துப் பிரிக்க முடியாது. நான்கு வருடம் இரண்டு நிமிடத்தில் எரிந்தது.

29 செப்டம்பர்

திமிரியிலிருந்து போன். “வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு கொடி இருக்கு. ஒண்ணுதான் என்னைப் படுக்க வெச்சது. இன்னொண்ணுல அக்கா ஏற்கெனவே ரெண்டு காய் சமைச்சிருக்கு, நல்லா இருந்துச்சாம். அதுல விதைக்குன்னு பூவைக் கட்டி ஒரு காய் விட்டிருக்கேன்.”

“கட்டினீங்களா?”

“சீட்டுல எழுதியிருந்தீங்களே. நூல் இல்ல, வைண்டிங் கம்பியால கட்டினேன்.”

போட்டோ அனுப்பினார். காம்பில் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. பன்னிரண்டு பேருக்குச் சீட்டு எழுதினேன். செய்தது இவர் ஒருவர்தான். நல்ல கொடியில், அதே கொடியின் பூவால் பிடித்த காய். அப்படியானால் அந்த விதை சுத்தம். எரிந்தது முழுதும் எரியவில்லை.

3 நவம்பர்

தினமும் ஒரு போன் வருகிறது. காய் மஞ்சளாயிடுச்சு. காம்பு காய்ஞ்சிடுச்சு. ஆட்டினால் சத்தம் வருது. இதையெல்லாம் சொல்ல தினமும் போன் வேண்டுமா? வேண்டாம்தான். வராத நாளில் நான் செய்கிறேன்.

10 ஜனவரி 2025

அந்தக் காயின் விதை. அவர் அங்கே எட்டு, நான் இங்கே நான்கு விதைத்தோம்.

20 மார்ச்

தன்சீலின் அக்கா முனவ்வர் ஆபா பையோடு வந்தார். எட்டுக் கொடியிலிருந்தும் ஒவ்வொரு காய், மேலே மார்க்கரில் எண். நோன்பு திறந்த பிறகு ஒவ்வொன்றாக நறுக்கி நாக்கில் வைத்தேன். வீடே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டும் இனிப்பு. என் நான்கும்கூட.

போனில் சொன்னேன்.  “எப்படி இருக்கும் அந்த இனிப்பு?” என்றார்.

மழைத்தண்ணி மாதிரி, பச்சையா, கடைசில லேசா பால் வாசனை. சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு நறுக்கினேன்.

6 ஏப்ரல்

ரம்ஜான் முடிந்து ஒரு வாரம். ஆபா வந்து அண்ணனிடம் தம்பிக்கு என்னைக் கேட்டிருக்கிறார். அண்ணன் சமீருல்லா சாயங்காலம் மாடிக்கு வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மனுஷன் நல்லவன். அவசரமில்ல. நீ யோசிச்சு சொல்லு.”

நாற்பத்து மூன்று வயதில் என்ன நிக்காஹ்? ஒன்றரை வருடம் வாழ்ந்து திரும்பி வந்தவள். பதினெட்டு வருடம் இந்த மாடியே போதுமென்று இருந்துவிட்டேனே. மறுபடி தப்பாகிவிட்டால்?

பாபி பின்னாலேயே வந்தாள். “அன்னிக்கு நான் சொன்ன மாதிரி வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா?” என்றாள். 

9 ஏப்ரல்

சரி என்றேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. திமிரி

நிக்காஹ் முடிந்து இங்கே வந்து போட்ட சுரைப்பந்தல் ஆடி மழையில் நிறைந்துவிட்டது. ராணிப்பேட்டைக் கம்பெனி பஸ் நாளைக்கு அரை மணி முன்னதாக வருமாம்.

மதியம் இரண்டு காய் பறித்தேன். குருமா. பரிமாறிவிட்டு நானும் உட்கார்ந்து முதல் வாய் வைத்தேன். உப்பு போட மறந்திருந்தேன்.

“எப்படி இருக்கு?” அவர் தினமும் கேட்பதுதான்.

“நல்லா இருக்கு.”

அவர் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்தார். எழுந்து உள்ளே போய், உப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.