சம்பந்தி வீட்டு எஸ்.எஸ்.டி.

திருத்துறைப்பூண்டி
ஞாயிறு மாலை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சௌக்கியம், அங்கே நீயும் பூர்ணிமாவும் என் பேத்தி நறுமுகையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் விளக்கேற்றும்போது என் வேண்டுதல். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய், போனில் பேசினால் பக்கத்தில் பூர்ணிமா இருப்பாள், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உன் மெல்போர்ன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண் தை மாதம்தான். சம்பா நன்றாக முளைத்திருக்கிறது, களை எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மயிலாடுதுறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உன் மாமியார் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. பிரகதீஸ்வரி சம்பந்தி கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தினார்கள், நான் வாயில் போட்ட வெற்றிலையை இன்னும் மெல்லக்கூட இல்லை, அதற்குள் திரையில் என் பேத்தி சிரிக்கிறாள். எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்டேன். மாப்பிள்ளைதான் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. வாங்கி அனுப்பினாங்க, ஒரு மணி நேரம் வீடியோவுல சொல்லிச் சொல்லி மாட்ட வச்சாங்க என்று பூரித்துப்போய்ச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் வயிறு எரிந்தது. ஏண்டா, நம் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் சோறே வடித்துவிடலாம் என்று ஆடியிலேயே நான் சொன்னேனே, நீ என்ன சொன்னாய்? ஹார்ட் டிஸ்கே போதும்மா, அதுலதான் நிறைய இடம் இருக்கும், உங்களுக்கு என்ன அவசரம் என்றாய். அவர்களுக்கு மட்டும் என்ன அவசரமாம்? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. ஆமாம், பொறாமைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்தப் பொறாமையில் ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதே. ஆயுத பூஜையன்று சம்பந்தி ஒரு படம் அனுப்பினார்கள், கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திரையில் நறுமுகை ஜொலிக்கிறாள். நாம் என்ன இளப்பமா, நம்முடையதும் திரை எரிந்துகொண்டே பூஜையில் இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அணைத்து எடுத்துப்போனால் மறுபடி திறப்பதற்குள் ராகு காலம் வந்துவிடும், அதனால் திரையை முன்னதாகப் பூஜை அறையில் வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே யு.பி.எஸ்ஸை அப்பாவும் பெட்டியை நானும் தூக்கிக்கொண்டு போனோம். ஒயர் இழுத்தது, பெட்டி நிலைக்கதவில் மடேரென்று இடித்தது. உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தம்மாவோட உனக்கு என்னடி போட்டி என்றார் அப்பா.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மூஸா வந்து கழற்றிப் பார்த்தான். ஹார்ட் டிஸ்குக்குள்ள தட்டு சுத்திக்கிட்டே இருக்கும் அக்கா, ஓடுறப்போ யாராச்சும் தூக்குவாங்களா, எஸ்.எஸ்.டி.ல சுத்துற சாமானே கிடையாது, இந்த இடிக்கெல்லாம் அசையாது என்றான். ஆனால் அதே விலைக்கு அதில் இடம் கம்மியாம். அதனால் திறப்பதற்குச் சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி., படங்கள் வைக்கப் புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க், இரண்டையும் மாட்டச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உன் கல்யாணப் படங்களில் பாதிதான் மீண்டது.

வேகம் எதற்கு என்றாயே, சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் இரண்டரை மணிக்கு நீ கூப்பிடுவாய், அங்கே இரவாகிவிடும். போனில் பார்த்தால் அப்பாவுக்குக் குழந்தை முகம் கட்டைவிரல் அளவுதான் தெரிகிறது. நம் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் நீ மயிலாடுதுறைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பாய், அது முடிந்து எங்களிடம் வரும்போது பாப்பா தூங்கிட்டாம்மா என்பாய். மூன்று ஞாயிறாக அவள் உச்சந்தலையைத்தான் பார்த்தோம். மெஷின் மெதுவாகத் திறக்கிறது, அதனால்தான் பிள்ளை அங்கே முதலில் பேசுகிறான் என்று அப்பாவுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பூர்ணிமா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தங்கமான பெண். குழந்தைக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றச் சொல். நீயும் ஆபீஸில் பட்டினி கிடக்காதே. மூன்று பேரும் குறைவில்லாமல் வாழ எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உண்டு. மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கைக்கு வந்தபின் வரும் ஞாயிறு இரண்டரைக்கு நாங்கள் தயாராக உட்கார்ந்திருப்போம். மூஸா புதன்கிழமை மாட்டிவிடுவான். அதற்குப் பிறகு அப்பாவிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

உன் அம்மா
தங்கமணி