வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறுசு

முன்னோடிப் படகு. காலை முறை, 06.00
பார்த்தவை: சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டர், அருந்ததி. சின்னத் தொலைநோக்கியில் வசிஷ்டர் ஒன்றல்ல, இரண்டு. பெரியதை ஒட்டிக்கொண்டு மங்கலாக ஒரு சிறுசு. இரண்டும் பிரிந்து தெரிகின்றன. வாலுக்குக் கீழே உள்ள அண்டம், வெகுதூரத்து நட்சத்திரக் கூட்டம், விபூதி அப்பியதுபோல இருக்கிறது. நேற்றைவிடக் கொஞ்சம் மங்கல்.

யார் கண்டெடுத்தாலும் புரியவேண்டும் என்று எழுதுகிறேன். எங்களுக்குப் பின்னால் விண்வெளியில் தாய்க்கப்பல் வருகிறது. அதில் என் மகள் பிரமு, பேத்தி, ஊர்ச்சனம். அது வரும் வேகத்தில் மணல்பொடி பட்டாலே கிழிந்துவிடும். வழியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. கேமரா போன தடவைத் தூசியில் குருடாகிவிட்டது. அதனால் கண்ணால் பார்க்கிறோம். தூசி வந்தால் முதலில் அண்டம் மறையும், பிறகு சிறுசு. இந்தப் படகில் வயதானவர்களைத்தான் ஏற்றுவார்கள். போனாலும் நஷ்டமில்லை என்று எவனோ யோசித்திருக்கிறான்.

கூட இருப்பவர் பிரமுவின் மாமனார் காந்திமதிநாதன். அவர் பின்னறை, நான் முன்னறை. தொலைநோக்கி என் அறையில். தன் முறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். அப்போது நான் சமையல் மூலைக்குப் போய்விடுவேன். பேச்சு ஒலிபெருக்கியில்தான். அதுவே அதிகம்.

14.20
அண்டத்தைக் காணோம். மூச்சு பட்டுக் கண்ணாடி பனித்திருக்குமோ என்று துடைத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தேன், மங்கலான பொருளுக்கு அதுதான் வழி. இல்லை. சிறுசு இருக்கிறது.

விதிப்படி இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்தான் தாய்க்கப்பல் வேறு வழியில் திரும்பும். திரும்பினால் அவர்கள் எரிபொருளில் பாதி போய்விடும். அவர் வந்து பார்த்தார். பின்னறைக்குப் போய் ஒலிபெருக்கியில் சொன்னது:

"எல்லாம் பளிச்னு இருக்கு சம்பந்தி. அண்டமும் இருக்கு, சிறுசும் இருக்கு. நீங்க கண்ணாடி மாத்தணும்."

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. பிரமு கல்யாணத்தில் பட்டப்பகலில் மண்டப வாசலில் நின்று, வெறும் வானத்தைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார்கள். சம்பிரதாயம். எல்லோரும் தெரிகிறது தெரிகிறது என்று தலையை ஆட்டினார்கள். நான் தெரியவில்லை என்றேன். பெண் வீட்டுக்காரர்களுக்குக் கண் அவ்வளவுதான் என்று சபையில் சிரித்தார் இந்த மனிதர். அன்று அவருடைய பட்டுச் சட்டைக் காலரில் சாம்பார் சொட்டியிருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

19.40
சிறுசும் மங்குகிறது. அவர் முறைக்கு முன்னால் தொலைநோக்கியின் வாயில் மூடியைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். உள்ளே இருட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. அவருடைய அறிக்கை:

"ரெண்டும் ஜோரா பிரிஞ்சு தெரியுது. சிறுசு லேசா நீலமா இருக்கு."

நீலமாம்.

தாய்க்கப்பலில் எங்கள் அறிக்கையைக் கேட்பது பிரமுதான். அவளிடம் சொன்னேன். அவர் மூடியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார், நான் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள் என்றேன். பிரமுவின் பதில்:

"அம்மா, மாமா தெளிவா இருக்குங்காக. ஒங்க சண்டைய இதுல கொண்டாராதிய. இங்க பிள்ளைய இருக்கு."

பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியாது பாருங்கள்.

22.10
சிறுசு போய்விட்டது. படகின் மேல்தோலில் சத்தம், முறத்தில் அரிசி விழுவதுபோல. இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், தாய்க்கப்பல் வழி மாறவில்லை.

பின்னறைக்குப் பேசினேன். மூடி போட்டது நான்தான் என்றேன். பிறகு கண்ணில் புரை என்றார். சொன்னால் மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள், மகனுக்குத் தெரியவே கூடாது என்றார். நான் சொன்னது:

"ஒங்க கவுரவத்துக்காக எம் பேத்திய சாகக் குடுக்க முடியாது. நாஞ் சொன்னா சண்டைம்பா. நீங்களே சொல்லுங்க."

அழுதார். அழுகை வேறு. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். மேல்தோல் சத்தம் கூடிக்கொண்டே இருந்தது. கடைசியில் தாய்க்கப்பலைக் கூப்பிட்டார்:

"பிரமு, மாமா பேசுதேன். எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. ரொம்ப நாளாவே தெரியல. ஒங்கம்மா சொல்லுததக் கேளு."

பதில்: "திரும்புதோம் மாமா. நீங்களும் திரும்பிருங்க."

இந்தப் படகில் திரும்ப எரிபொருள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

நேரம் தெரியவில்லை. கடிகாரம் நின்றுவிட்டது
அருந்ததி போய்விட்டது. வசிஷ்டர் மட்டும் புகைக்குள் விளக்குப்போல. தொலைநோக்கியைப் பின்பக்கம் திருப்பினேன். தாய்க்கப்பல் ஒரு புள்ளி. பக்கவாட்டில் விலகிப் போகிறது. நன்றாகவே விலகிவிட்டது.

பின்னறையில் ஓட்டை. காற்று போகிறது. அவர் என் கதவைத் தட்டினார். திறந்தேன். இரக்கமெல்லாம் இல்லை, தட்டுகிற சத்தம் சகிக்கவில்லை. இருப்பது ஒரு நாற்காலி. அதில் நான் இருக்கிறேன். தரையில் உட்கார்ந்துகொண்டு கப்பல் போகிறதா, போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போகிறது என்று ஒரு தடவை சொன்னேன். போதும்.

குளிர். கை எழுதவில்லை. வசிஷ்டரும்

படிப்பவர் குறித்துக்கொள்ளவும். தூசியைப் பார்த்தது நான். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்ததாகப் போடச் சொல்கிறார். பேரப்பிள்ளை படிப்பாளாம். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். போட மாட்