ஆறுதல் விழாவில் முட்டைக்கோஸ்

லெபனானில் வெயில் காயும் என்னவருக்கு,

அமைதிப் படையில் வெளிநாடு போன வீரர்களின் குடும்பங்களுக்குத் தளபதியின் மனைவி ஆறுதல் விழா நடத்தினார். ஆறுதல் என்றால், குளிரில் அவர் வீட்டு முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் வீட்டுக் கிம்ச்சி ஊறுகாய்க்கு நாங்கள் முட்டைக்கோஸில் உப்பும் மிளகாய் விழுதும் தடவுவது. நிறைமாத வயிற்றோடு நானும் தடவினேன். போகாவிட்டால் உங்கள் பதவி உயர்வு கெட்டுவிடும் என்று நீங்கள்தானே பயப்படுவீர்கள்.

வலி எடுத்ததும் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, போட்டோக்காரர் வந்துட்டே இருக்கார்" என்றார் அம்மையார்.

உங்கள் படையின் சமையல்காரர் மனைவி ஹேசுக், மிளகாய் விழுது ஒட்டிய கையுறையைக் கழற்றி அம்மையார் மடியிலேயே போட்டாள். "நீங்க பொறுத்துக்குங்க மேடம், குழந்தை பொறுக்காது" என்று என்னைக் காரில் ஏற்றினாள்.

பெண் குழந்தை. இருவரும் நலம்.

மறுநாள் அம்மையார் பூங்கொத்தோடும் அதே போட்டோக்காரரோடும் மருத்துவமனைக்கு வந்தார். "தளபதியே பேர் வச்சுத் தரேன்னுட்டார். எவ்வளவு பெரிய பாக்கியம் பாரு."

"அவ அப்பா உயிரோடதான் இருக்கார்" என்றேன். பூங்கொத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதவி உயர்வு இனி வராது. மகளுக்குப் பெயரை நீங்களே வைத்து எழுதுங்கள். அதற்காவது யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள்.

உங்கள் மகளின் அம்மா