பத்திரிகையில் என் பெயர்

9.7.2015, வியாழன்

இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குக் கூட்டிப் போனேன். தண்ணீரில் குப்பை போடுகிறவர்களை நன்றாகத் திட்டிவிட்டு, ஆளுக்கொரு சாக்குப் பையைக் கொடுத்தேன்.

கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கவரை ஜெனிஃபர் அவிழ்த்தாள். உள்ளே காய்ந்த சாமிப் பூ, பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகை. அதன் மேல் என் பெயர், குவார்ட்டர்ஸ் நம்பரோடு.

சாமிப் பூவும் படமும் காலில் மிதிபடக் கூடாதென்று நான்தான் கட்டி வைப்பேன். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போகிற வழியில் தண்ணீரில் விட்டுவிடுவார். அதைக் குப்பையென்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஜெனிஃபர் என்னை ஒரு தடவை பார்த்தாள். பத்திரிகையைச் சட்டென்று மடித்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தனியாக வந்து என்னிடம் நீட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லல மிஸ். அடுத்த வாட்டி பேரைக் கிழிச்சிட்டுப் போடுங்க."

அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சரியென்று தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

நாளை வகுப்பில் அந்தப் பத்திரிகையை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டியதுதான். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். ஜெனிஃபர்தான் கோபித்துக்கொள்வாள், அவ்வளவு பத்திரமாக ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தேனே என்று.