வலசை போகாத குருவி

23.5.2025, வெள்ளி
அச்சுவேலிச் சந்தையிலிருந்து திரும்பும்போது குளக்கட்டில் சைக்கிளை நிறுத்தினேன். கரையோரச் சம்புப் புல்லுக்குள் ஒரு குருவி பாடிக்கொண்டிருந்தது. கரகரவென்று, உரத்து, விடாமல். வைகாசியில் அங்கே பாடுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது.

அப்படித்தானே நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன்?

24.5
தை மாதத்தில் குளத்தில் நான் எடுத்த படங்களை மறுபடி பார்த்தேன். இங்கே நாணற்குருவியில் இரண்டு வகை. சிறியது பனிக்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து சித்திரைக்குள் போய்விடும். பெரியது, அலகு நீண்டது, இங்கேயே கூடு கட்டும். இரண்டும் ஒரே மண்ணிறம். படத்தில் தனியாக நிற்கும் குருவி பெரிதா சிறிதா என்று எதைக்கொண்டு சொல்வது? நான் சொன்னேன். பழைய பறவைப் பட்டியலில் இருந்தபடி, எல்லாம் வலசைக் குருவி என்று. வெயில் காலத்தில் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

அந்தக் கடிதத்தை நம்பித்தான் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு சம்பை வெட்டிக் குளத்தைத் தூர்வாரப் போகிறது. திங்கள் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வருகிறது.

25.5
அமைப்பின் செயலாளர் சீவரத்தினம் ஐயாவுக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன். மணி அடிக்க முன்னமே துண்டித்தேன். என் கடிதத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தவர் — என்ன வெட்கம் எனக்கு, இந்த நேரத்தில்?

26.5
எட்டு மணிக்குப் போனேன். குளத்தின் தெற்குப் பக்கம் வெட்டி முடிந்துவிட்டது.

"ஐயா, நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் பிழையா எழுதிப்போட்டன்."

"என்ன பிள்ளை, குருவியள் போயிடுமெண்டு நீர்தானே கையெழுத்து வைச்சனீர்?"

"அது வேறை குருவி. உது போகாது. இப்ப கூட்டிலை இருக்கும்."

பெக்கோ ஓட்டும் கஜானன் சிரித்தான். "போன குருவி வந்து சொன்னதோ அக்கா?"

ஐயா சிரிக்கவில்லை. "மாரித் தண்ணி குளத்திலை நிக்காட்டி எங்கடை கிணறெல்லாம் உவராப் போகும், பிள்ளை."

அதுவும் உண்மை.

வெட்டிக் குவித்த சம்பில் கூடு கிடந்தது. மூன்று தண்டுகளைச் சேர்த்துப் பின்னிய சிறு கிண்ணம். மூன்று முட்டைகளில் இரண்டு நசுங்கியிருந்தன. எடுத்து நீட்டினேன். ஐயா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடக்குப் பக்கத்தை ஆடி முடியுமட்டும் விடுவம்."

27.5
சனிக்கிழமையே சொல்லியிருந்தால்.

17.8.2025, ஞாயிறு
காலையில் சீவரத்தினம் ஐயா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, ஆடியும் முடிஞ்சுது. வடக்காலை ஒரு சத்தமும் இல்லை. வெட்டலாமோ?"

வாய்வரை வந்த 'ஓம்' என்பதை விழுங்கினேன். "வந்து பாத்திட்டுச் சொல்லுறன், ஐயா."

"உப்பிடித்தான் சொல்லுவீரெண்டு தெரியும். பெக்கோவை நாளைக்குத்தான் வரச் சொன்னனான்."