பெரிய பக்கத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலேயே வெயில். நேற்று பௌர்ணமி, போயா விடுமுறை. அதனால் இன்று எங்கள் கொண்டெய்னர் யார்ட் கேட்டுக்கு வெளியே ஒருகொடவத்தைச் சந்தி வரைக்கும் லொறி.

இந்தக் கொப்பியில் இது பதினேழாம் பக்கம். நானே எழுதிய பதினேழு பக்கம்! அறுபத்தொன்பது வயதில். மனைவி பார்வதி எட்டிப் பார்த்தாள். "என்னத்தை எழுதுறீங்க?" "சும்மா." "சும்மாவுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய எழுத்து?" அவளுக்குப் பொறாமை.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும்போது படித்தவை: மருந்தகம். பற்சிகிச்சை (கஷ்டம், இரண்டு தரம் படித்தேன்). "இங்கே குப்பை பேடாதீர்." போடாதீர் என்று இருக்க வேண்டும், ஒரு கால் விடுபட்டுவிட்டது. அரசாங்கப் பலகையில் நான் பிழை பிடித்தேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

இனி வேலை. கேட் அறை லெப்டொப் கோளாறு.

7.20க்குத் திறந்து நீலப் படத்தை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. பச்சை வரவில்லை. பச்சை வந்தால்தான் பெரிய ஒபிசோடு தொடர்பு. அதன் பெயர் வீபீஎன். எங்கள் கேட் கிளார்க் சுகந்தி முதல் நாள் சொன்ன விளக்கம்: "இஞ்சயிருந்து பெரிய ஒபிசுக்கு ஒரு சுரங்கம் மாதிரி ஐயா. வேற ஆக்கள் எட்டிப் பாக்கேலாது."

பச்சைக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி வந்தது. மஞ்சள் முக்கோணம், மூன்று வரி ஆங்கிலம், எல்லாம் சின்ன எழுத்து. எனக்குத் தெரிந்தது பெரிய எழுத்து மட்டும், அதுவும் கொண்டெய்னர் பக்கத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியது. சேர்த்துப் படிக்க வராது. வெளியே ஹோர்ன் சத்தம். பதற்றத்தில் திரையில் பின்னாலிருந்த பெரிய பக்கத்தைத் தொட்டேன். பெட்டி மறைந்தது. நல்லது, போய்விட்டது.

வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே.

பெரிய ஒபிஸ் ஐடிக்காரர் போனில், சிங்களத்தில்: ஏதாவது மெசேஜ் வந்ததா? "நே மாத்தயா." இல்லை சார் என்றேன். வந்தது என்றால் அடுத்த கேள்வி, என்ன எழுதியிருக்கிறது என்பது. முப்பத்தொரு வருடமாக இந்தக் கம்பெனியில் நான் வாசிக்கத் தெரிந்தவன். தெரியாது என்பது சுகந்திக்கு மட்டும் தெரியும். ஜனவரியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தமிழ் சொல்லித் தருவது அவள்தான். (பெயரை முழுதாக எழுத நேரமாகிறது. இனி சு.)

லெப்டொப் இல்லாததால் காகிதத் துண்டில் எழுதச் சொன்னாள் சு. கொண்டெய்னர் நம்பர், நேரம், சாரதி, குறிப்பு. கையால் எழுதலாம்! உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன்.

ஒரு குளிர் கொண்டெய்னர் வந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: "உள்ளே மீன். உடனே கரண்ட் கொடுக்கவும்." வேலைக்காக எழுதிய முதல் வசனம். மீனுக்கு ரெண்டு சுழி ன. நிமல்தான் யார்டில் கொண்டெய்னர் தூக்குகிறவன். துண்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினான்.

ஒக்டோபர் 8, புதன்

பின்னேரம் இடியோடு மழை. முழங்கால் வலி.

பச்சை இல்லை. அணைத்துப் போட்டேன், ஐந்து தரம். இப்போது அந்தச் சின்னப் பெட்டி முன்னால் வருவதே இல்லை. நேற்று வந்தபோது பயம். இன்று வராததில் அதைவிடப் பயம்.

சு.வும் வந்து பார்த்தாள். ஐடிக்காரர் அவளிடமும் கேட்டார், மெசேஜ் இருக்கிறதா என்று. "ஒண்டும் இல்லை, சும்மா சுத்துது." அவள் சொன்னது உண்மை. அவள் கண்ணில் எதுவும் படவில்லை.

துண்டு எழுதுவதில் நான் மெதுவு. ஹட்டன் பக்கத்து லொறிக்காரன் ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டி: "பெருசு, ஒங்க கல்யாணப் பத்திரிகையா எழுதுறீங்க? பொண்ணு கெழவியாயிருச்சு, வுடுங்க!" பின்னால் எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

மெனேஜர் மாத்தயா சு.வை ஒபிசுக்குள் கூப்பிட்டுக் கத்தினார். கேட்டது. லெப்டொப் திறப்பது அவள் பெயரில், அவள் பாஸ்வேர்ட்டில். அவள் இங்கே இரண்டு வருடமாகத் தற்காலிகம். மாத முடிவில் நிரந்தரக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு அறை, மகள் இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எடுக்கிறாள்.

சாப்பாட்டு நேரம் சு. சொன்னாள்: "டீச்சருக்கு இண்டைக்குத் தலையிடி ஐயா. பாடம் இல்லை." அப்போது சொல்லியிருக்கலாம். பருப்பும் சம்பலும் இருந்தது. சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

எப்படி எழுதுவது.

ஐடிக்காரர் மோட்டார் சைக்கிளில் நேரே வந்தார். சின்ன வயது, காதில் கம்பி. உட்கார்ந்து இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினார். பெரிய பக்கத்துக்குப் பின்னாலிருந்து அது வந்தது. அதே மஞ்சள் முக்கோணம். போகவே இல்லை. பின்னால் நின்றிருக்கிறது.

அவர் சொன்னது, எனக்கு விளங்கிய அளவில்: போயா அன்று பெரிய ஒபிசில் ஏதோ சான்றிதழ் மாற்றினார்கள். இந்த லெப்டொப்புக்குப் புதியதைத் தெரியாது. அதனால், இதை நம்பலாமா, கூடாதா என்று கேட்கிறது. யாராவது பதில் சொல்லும்வரை வட்டம் சுற்றும். முதல் தரம் முன்னால்தான் வந்திருக்கும். யாரோ பெரிய பக்கத்தைத் தொட்டுப் பின்னால் தள்ளிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு தரமும் பின்னாலேயே திறந்திருக்கிறது.

மூன்று நாள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

சு. என்னைப் பார்த்தாள். "ஐயா, செவ்வாய்க்கிழமை இது வந்ததோ?"

"இல்லம்மா. ஒன்னும் வரல்ல."

ஐடிக்காரர் ஒரு அழுத்து. பச்சை. ஒரு நிமிடம் ஆகவில்லை.

இரண்டு மணிக்கு நாற்றம். யார்டின் மேற்கு மூலையில், காலிக் குளிர்ப் பெட்டிகள் அடுக்கும் வரிசையில். செவ்வாய்க்கிழமை வந்த மீன் அங்கே வெயிலில் நின்றிருக்கிறது, கரண்ட் இல்லாமல். கதவின் அடியால் தண்ணீர் வடிகிறது. காகங்கள்.

நிமல் என் துண்டை எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டினான். "இதில் நம்பர் இருக்கிறது. மற்றது என்ன எழுத்து? நான் தமிழ் படித்தவனா? காலி என்று நினைத்தேன்." அவன் மேல் பிழையே இல்லை.

அன்று தலையாட்டினானே. வாசிக்கத் தெரியாதவன் எப்படித் தலையாட்டுவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஒன்றும் படிக்கவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

சு.வுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். ஆங்கிலம். தமிழில் எனக்குச் சொன்னாள்:

1. லெப்டொப் அவள் பெயரில் இருந்தும் எச்சரிக்கையை மூன்று நாள் அறிவிக்கவில்லை.
2. யார்டில் வாசிக்க முடியாத மொழியில் துண்டு.
3. சரக்கு நாசம்.

"ரெண்டாவதுக்கு என்னம்மா சொன்னீங்க? அது நான் எழுதுனது."

"நான் எழுதினது எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"நீங்கள் எண்டு சொன்னா ஏன் தமிழில எண்டு கேப்பினம். பிறகு எல்லாம் வெளியில வரும். விடுங்கோ ஐயா, மெனேஜர் ரெண்டு நாள் கத்துவார், பிறகு மறந்துபோவார்."

மூன்றுக்கும் காரணம் நான். முதலாவதுக்கும் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

எச்சரிக்கை. இந்தச் சொல்லை இன்றுதான் எழுதப் பழகினேன். ச்-க்கு மேலே புள்ளி, க்-க்கு மேலே புள்ளி, கடைசியில் கை. நல்ல வடிவான சொல்.

முடிவு செய்துவிட்டேன். மெனேஜருக்குக் கடிதம். பெட்டி வந்தது, நான் பின்னால் தள்ளினேன், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, துண்டும் என்னுடையது, சு. மேல் ஒன்றும் இல்லை. வாயால் சொல்லப் போனால் அவர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடிதம் என்றால் ஃபைலில் நிற்கும். உண்மையைச் சொன்னால், எழுதவும் ஆசை. தமிழில் கொடுத்தால் யாராவது வாசித்துச் சொல்வார்கள்.

சாப்பாட்டு நேரம் ஒரு பக்கம். வேலை முடிந்து கேட் அறையில் இன்னொரு பக்கம். விரலில் மை.

ஒக்டோபர் 11, சனி

அரை நாள் வேலை. மழை வரும்போல இருந்து வரவில்லை.

ஒன்பது மணிக்குக் கடிதத்தைக் கொடுத்தேன். மெனேஜர் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "ஷா! லஸ்ஸன அக்குரு, அங்கிள்." அழகான எழுத்தாம். என் வாழ்க்கையில் முதல் தரம். ஒரு விநாடி, எதற்காக வந்தேன் என்பதே மறந்து போயிற்று.

பிறகு அவர் வாசலைப் பார்த்து, "சுகந்தி, மே மொனவத?" இது என்ன என்று.

யார் வாசிப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த ஒபிசில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது அவள் ஒருத்தி.

நின்றபடியே கடைசி வரி வரைக்கும் மனதுக்குள் வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் கண் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். பிறகு மெனேஜரிடம் சிங்களத்தில்: ஐயாவுக்குக் கண் சரியில்லையாம், ஒரு நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம், அரை நாள் லீவு கேட்கிறார்.

"அரை நாள் லீவுக்கு இரண்டு பக்கமா!" மெனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். லீவு துண்டில் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை மடித்து அவளே எடுத்துக்கொண்டாள்.

நாற்பது வருடச் சிங்களம் எனக்கு. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. லீவு துண்டை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து, "ஏம்மா இப்படி?"

"உங்களுக்கு அறுபத்தொன்பது. இஞ்சயிருந்து அனுப்பினா வேற ஆர் எடுப்பினம்? நான் எங்கயும் போய் டைப் அடிப்பன்." பிறகு என்னைப் பார்க்காமல்: "வியாழக்கிழமை நான் உங்களைக் கேட்டனான். இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓமம்மா."

"அதுதான் எனக்கு..."

எது என்று முடிக்கவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வீட்டில். பார்வதி: "எழுதப் படிக்கத் தெரிஞ்சதுலயிருந்து மொகத்துல சிரிப்பக் காணோம்." முழுவதும் சரியில்லை. செவ்வாய் வரைக்கும் சிரித்தேன்.

வாயால் சொல்ல வேண்டியதுதான். வாய் எப்போதும் இருந்தது. சிங்களத்தில் பழகினேன்: மட்ட இங்கிரிசி கியவன்ன பே. எனக்கு ஆங்கிலம் வாசிக்க முடியாது. பார்வதிக்கு முன்னால் பத்துத் தரம். "யாரைத் திட்டுறீங்க?" என்று கேட்டாள்.

ஒக்டோபர் 13, திங்கள்

விடியற்காலை மழை. செருப்பு நனைந்தது.

சொன்னேன். எட்டு மணிக்கு, மெனேஜர் கதிரையில் உட்கார முன்பே. பெட்டி வந்தது மாத்தயா, நான்தான் பின்னால் தள்ளினேன், என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை, எனக்கு வாசிக்கத் தெரியாது. நாக்கு ஒட்டவில்லை. எல்லாம் ஒழுங்காக வந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். தோளில் கை வைத்தார். "அங்கிள், சனிக்கிழமை என் கையில் இரண்டு பக்கம் எழுதித் தந்தீர்கள். அவ்வளவு அழகான எழுத்து. இன்று வந்து வாசிக்கத் தெரியாது என்கிறீர்கள். அந்தப் பெண் பாவம் என்று பொய் சொல்கிறீர்கள்."

"அது தமிழ் மாத்தயா. இது இங்கிரிசி."

"முப்பத்தொரு வருடம் கேட்டில் கொண்டெய்னர் நம்பர் எழுதியவர் நீங்கள்."

ஒரு ஆங்கிலக் கடிதம் தாருங்கள், வாசிக்க முடியாது என்று காட்டுகிறேன் என்றேன். சிரித்தார். "தெரியாது என்று நடிக்க யாருக்குத் தெரியாது?"

தெரியும் என்று முப்பத்தொரு வருடம் காட்டினேன். தெரியாது என்று எப்படிக் காட்டுவது?

கடிதத்தில் இருந்ததே வேறு, அவள் வாசித்தது வேறு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் பொய்க்காரி என்றும் ஆகும். நிறுத்திக்கொண்டேன்.

அவர் சொன்னார்: பெரிய ஒபிஸ் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. இன்று பின்னேரத்தோடு அவள் வேலை முடிகிறது. தற்காலிகம்தானே, நீட்டவில்லை, அவ்வளவுதான்.

4.10க்கு சு. கேட்டுக்கு வந்தாள். தோளில் பை, கையில் தேநீர்க் கோப்பையும் ஒரு குடையும். போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது கேட்காரன் வேலை. பார்க்கவில்லை. அவளே திறந்து காட்டினாள். "ரூல்ஸ் ஐயா."

"காலையில மெனேஜர்கிட்ட சொன்னேம்மா. நம்பல்ல."

"கேள்விப்பட்டன்." என் கடிதத்தை மடித்தபடி கையில் தந்தாள். "வடிவா எழுதியிருக்கிறீங்கள். ஒரே ஒரு பிழைதான். தவறு எண்டதுக்கு வல்லின ற. நீங்கள் சின்ன ர போட்டிருக்கிறீங்கள். ரெண்டு பக்கத்திலயும் அப்பிடித்தான்."

140 பஸ் வந்தது. ஓடிப் போய் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தேன். ஆறு இடத்தில் அந்தச் சொல். ஆறிலும் பிழை.

பத்துத் தரம் எழுதினேன். தவறு, தவறு, தவறு. எட்டாவது தரம் கை பழையபடி சின்ன ர போட்டுவிட்டது.