சிவப்பு நூல் கட்டிய டப்பா

டிசம்பர் 5

இடுப்பு வலி இன்று தேவலை. பேத்தி வாலுவின் டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். லீவு விடும் நாளில் வகுப்பில் விருந்தாம். போன வருஷம் மாதிரி பாட்டியின் நட்சத்திர பிஸ்கட் வருமா என்று கேட்டாராம். வருமாவாவது! நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு. அஞ்சாம் வகுப்போடு நின்றவளை ஒரு பள்ளிக்கூடமே தேடுகிறது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் படியிறங்கிப் போய்ச் சொன்னேன். "ஆச்சு, இனி லீவு விடுற வரைக்கும் இதே பேச்சுதான்" என்றாள். வயிற்றெரிச்சல்.

டிசம்பர் 7

கரப்பான். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. மருமகளிடம் சொன்னேன். அவள் தண்ணீர் பரிசோதிக்கும் லேப்பில் வேலை பார்க்கிறவள், எல்லாவற்றுக்கும் பயம். "குழந்தை இருக்குற வீடு அத்தை. அடுப்படிக்குள்ள விஷம்னு எதுவும் வரக் கூடாது. மருந்தடிக்கிற ஆளை வரச் சொல்லிக்கலாம்." எந்த ஆள், எப்போது? அவன் வருவதற்குள் கரப்பான்கள் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிடும்.

என் வழி எனக்கு. மருந்துக் கடையில் போரிக் பவுடர் வாங்கி ஐசிங் சுகரோடு சரிபாதி கலந்தேன். சாதாரண சீனி என்றால் கெட்டிக்காரக் கரப்பான் சீனியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். இது இரண்டும் மாவு மாவாக இருப்பதால் பிரிக்க முடியாது. கொஞ்சத்தை பாட்டில் மூடிகளில் வைத்தேன். மீதியை ஐசிங் சுகர் வந்த பழைய டப்பாவிலேயே போட்டு, சிவப்பு நூல் கட்டி, மேல்தட்டில் பின்னால் தள்ளிவிட்டேன்.

மஞ்சள் நூல் மைதா. பச்சை சோள மாவு. வெள்ளை ஐசிங் சுகர். சிவப்பு என்றால் தொடாதே. டப்பா மேலிருக்கும் இங்கிலீஷ் எனக்கு எதற்கு? இந்த நூல் கணக்கை யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

டிசம்பர் 9

மூன்று கரப்பான் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் எறும்புகளும் சுருண்டு கிடந்தன. மருமகள் எழுந்து வருமுன் கூட்டி அள்ளிவிட்டேன். நல்ல மருந்து.

டிசம்பர் 14

கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் அடுப்படி என் அடுப்படியாக இல்லை. ஒரே மாதிரிக் கண்ணாடி பாட்டில்கள், ஒரே மாதிரி மூடி, ஒவ்வொன்றிலும் இங்கிலீஷில் சீட்டு. லேப்பை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"எப்படி அத்தை இருக்கு?"

"கடை மாதிரி இருக்கு."

"என்னத்துக்கு டப்பாவுக்கு டப்பா நூல் கட்டி வெச்சிருந்தீங்க?"

"அது கெடக்கு."

"வேணும்னா தமிழ்ல எழுதி ஒட்டட்டுமா?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். 

பழைய டப்பாக்கள் எல்லாம் குப்பைக் கூடையில். சிவப்பு நூலும் அதில் இருந்தது, டப்பா காலி. உள்ளே இருந்ததைக் கொட்டியிருப்பாள். எங்கே கொட்டினாய் என்று கேட்கலாம். கேட்டால், அது என்ன என்று கேட்பாள். போகட்டும், கொட்டியது நல்லதுதான்.

டிசம்பர் 17

மாவு பிசைந்தேன். வெண்ணெயையும் சீனியையும் கை நோகக் குழைத்து, முட்டை, வெனிலா, பிறகு மைதா. ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் தேய்த்தேன். நட்சத்திர அச்சை வாலுதான் அழுத்தினாள். ஓரம் மட்டும் லேசாகச் சிவக்க வேண்டும். நாலு தட்டு போட்டு எடுத்ததில் ஐம்பது தேறியது. எட்டுக்கு முனை உடைந்துவிட்டது. நாற்பத்திரண்டு நல்லது. என் கையை நானே முத்தமிடலாம் போல இருந்தது.

டிசம்பர் 18

மதியம் ஐசிங் போட்டேன். ஐசிங் சுகர் எது என்று வாலுவிடம் கேட்டேன், கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறேன் என்று சாக்குச் சொல்லி. எழுத்துக் கூட்டிப் படித்து எடுத்துக் கொடுத்தாள். பாட்டில் கழுத்து வரை இருந்தது. இவ்வளவா வைத்திருந்தேன்? அரை டப்பாதான் இருந்ததாக ஞாபகம். மருமகள் புதிதாக வாங்கியிருப்பாள்.

முட்டை வெள்ளைக்கரு, நாலு சொட்டு எலுமிச்சை. எவ்வளவு அடித்தும் பளபளப்பு வரவில்லை. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிப் பிழிந்தால் கோடு நிற்காமல் பரவுகிறது. எனக்குச் சர்க்கரை வியாதி, நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பதோடு சரி. இனிப்பு இருந்தது. ஆனால் நாக்கில் ஏதோ நெருநெருவென்று. சலிக்காமல் விட்டது என் தப்பு.

கிண்ணத்தை வழித்து நக்கியது வாலு. பூனை கெட்டது.

டிசம்பர் 19

ஐசிங் இன்னும் காயவில்லை. பிசுபிசுவென்று இருக்கிறது. முப்பது வருஷத்தில் இப்படி ஆனதில்லை. எறும்பு வரிசை கட்டி வந்தது, ஊதி ஊதித் தள்ளினேன். நல்லதை எண்ணி வைத்துவிட்டேன், மருமகளைக்கூடத் தொட விடவில்லை. உடைந்ததிலும் மிச்ச ஐசிங்கைத் தடவி வாலுவுக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் "பாட்டி, வயித்த என்னமோ பண்ணுது" என்றாள். "நாளைக்கு விருந்துன்னு குதிச்சா அப்படித்தான் பண்ணும்" என்றேன்.

டிசம்பர் 20, காலை

சுட்டுக் கொடுத்த தோசையைப் பிள்ளை தொடவில்லை. முகம் வெளுத்திருந்தது. "போகலைன்னா பாட்டி பிஸ்கட்டை யாரு குடுக்குறது?" என்று நான்தான் தலைவாரி அனுப்பினேன். நாற்பத்திரண்டையும் டின்னில் அடுக்கி அவள் கையிலேயே கொடுத்தேன். நான்தான்.

பத்து மணிக்கு பிஸ்கட் தட்டைக் கழுவப் போனேன். ஓரத்தில் ஐசிங் சிந்தியிருந்த இடத்தில் எறும்பு. அசையவில்லை. சுருண்டு சுருண்டு, மிளகு கொட்டின மாதிரி. தட்டுக்கு அடியில் ஒரு கரப்பான், மல்லாந்து.

இந்தச் சாவு எனக்குத் தெரியும்.

பாட்டிலைத் திறந்து மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியக் கூடாதென்றுதானே அப்படிக் கலந்தேன்.

அப்புறம் நான் செய்ததை எழுதுகிறேன், எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே மறைத்துவிடுவேன். தட்டைக் கழுவினேன். ஃபோனை எடுக்கவில்லை, தட்டைக் கழுவினேன். தேய்த்துத் தேய்த்து. எதுக்குக் கழுவுன? யாரு பாத்துருவாங்கன்னு கழுவுன? பிள்ளை அங்க டின்னத் தூக்கிக்கிட்டு நிக்குது, நீ இங்க தட்டு கழுவுற. பத்து நிமிஷம் இருக்கும்.

அப்புறம்தான் மருமகளுக்கு ஃபோன் அடித்தேன். "பிஸ்கட்ட யாரையும் தின்ன விடாத. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லு. அதுல கரப்பான் மருந்து இருக்கு" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "என்ன மருந்து? பேரு சொல்லுங்க அத்தை. பேரு" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 20, சாயங்காலம்

டின்னை டீச்சர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாராம். விருந்து சாப்பாட்டுக்குப் பிறகுதானாம். ஒரு பிள்ளையும் தொடவில்லை. நாற்பத்திரண்டும் அப்படியே திரும்பி வந்தது.

தொட்டது ஒருத்திதான். என் வாலு. நான் ஃபோன் செய்வதற்கு முன்னாலேயே வகுப்பில் வாந்தி எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்.

டாக்டர் எத்தனை தின்றாள் என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். "மூணு" என்றேன். வாய் தானாகக் குறைத்துச் சொன்னது. டாக்டர் எழுதப் போனார். "மூணு இல்லைங்க. உடைஞ்சது எட்டு, எட்டையும் நான்தான் குடுத்தேன். முந்தாநாள் கிண்ணத்தையும் நக்குனா." டாக்டரின் முகம் மாறியது. பேனாவை மூடிவிட்டு உள்ளே போனார்.

வராந்தாவில் மருமகள் சொன்னாள்: "ரெண்டு டப்பாலயும் ஒரே பேருதான் அத்தை போட்டிருந்துச்சு. மோந்துகூடப் பாத்தேன். ஒண்ணாக் கொட்டிட்டேன்." அப்புறம், "அந்தச் செவப்பு நூலுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 21

வாலுவுக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லையாம். பார்க்கிறார்கள்.

டிசம்பர் 22

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வந்துவிட்டான்.  என்னிடம் கேட்காமல், என்னைத் தாண்டிப் போய்த் தானே தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

டிசம்பர் 24

கண் திறந்து, "பாட்டி, விருந்து முடிஞ்சிருச்சா?" என்றாள். சிறுநீர் போகிறது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

டிசம்பர் 27

வீட்டுக்கு வந்துவிட்டாள். தையல்காரம்மா பார்க்க வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதாவது குத்திப் பேசியிருந்தால் தேவலை.

டிசம்பர் 29

அந்த ஐசிங் சுகர் பாட்டில் இல்லை. மற்றதிலெல்லாம் தமிழில் பெரிய எழுத்து. மருமகளின் கையெழுத்து.  மைதா. சோள மாவு. உப்பு. எல்லாம் படித்தேன். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

ஜனவரி 4

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. வாலு பழையபடி ஆட்டம் போடுகிறாள். கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள், பசிக்கிறது என்றாள். அடுப்படிக்குள் போகாமல், மேஜை மேலிருந்த சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழம் பிய்த்து நீட்டினேன். தோல்கூட உரிக்கவில்லை, அப்படியே கொடுத்தேன்.

சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். உரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

மருமகள் லேசாகத் தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் உரித்தாள்.